அவன் செயலும் அவரவர் கணக்கும்

கடவுளுக்கு இந்தியச் சட்டத்தில் ஒரு பிரிவு ஒதுக்கியிருக்கிறார்கள். 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 17ஆம் பிரிவு. ஏற்றிய சரக்கு வழியில் நாசமானால் லாரிக் கம்பெனிதான் பொறுப்பு. நாசத்துக்குக் காரணம் ‘கடவுளின் செயல்’ என்றால் பொறுப்பு இல்லை. போர், கலவரம், ஜப்தி, அரசுத் தடை என்று நீளும் விலக்குப் பட்டியலில் கடவுள்தான் முதல் ஆள். பட்டியலின் அடியிலேயே சட்டம் ஒரு கண்ணியும் வைத்திருக்கிறது. உரிய கவனம் எடுத்திருந்தால் அந்த நாசத்தைத் தவிர்த்திருக்கலாம் என்று தெரிந்தால், கடவுளைக் காட்டிக் கை கழுவ முடியாது.

சேலம்–கோவை நெடுஞ்சாலையில் இருக்கும் சங்ககிரி லாரிக்காரர்களின் ஊர். பக்கத்தில் திருச்செங்கோடு, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் அங்கிருந்துதான் இந்தியா முழுக்கப் போகின்றன. கொஞ்சம் தள்ளி நாமக்கல், முட்டைக்கும் லாரிக்கு பாடி கட்டுவதற்கும் பேர்போனது. மூன்றுமே கடன் வாங்கி முதல் போட்டு, நாளைக்கு என்ன ஆகுமென்று தெரியாமல் நடத்துகிற தொழில்கள். டயர் வெடிக்கும், பாறைக்கடியில் தண்ணீர் இல்லாமல் போகும், கோழிக்கு நோய் வரும். ‘எல்லாம் அவன் செயல்’ என்ற வாசகம் இங்கே வண்டியின் நெற்றியிலும் இருக்கிறது, நஷ்டப்பட்டவர் வாயிலும் இருக்கிறது. அதே வண்டியில் எலுமிச்சம்பழமும் தொங்கும், இன்சூரன்ஸ் பேப்பரும் இருக்கும். இரண்டில் ஒன்றை விட்டுவிட்டு வண்டியெடுக்க யாரும் துணிவதில்லை.

இந்த வாசகத்தை எடைபோட்டுப் பார்க்க வேண்டும். பக்தியா பகுத்தறிவா என்ற பட்டிமன்றம் வேண்டாம். அது தீர்ப்பு தெரிந்தே தொடங்குகிற மன்றம். இறைவன் முழு ஆட்சியுடையவன் என்று நம்பி, குறைகள் நிறைந்த ஒரு மனிதன் தன் பிடியை விட்டுவிடுவது நியாயமான நிலைதானா, நியாயம் என்றால் எதுவரைக்கும் நியாயம் என்பதுதான் கேள்வி. தமிழில் இதை மிகக் கறாராக வாதாடியவர்கள் வைணவ ஆசாரியர்கள். அந்த வாதத்தின் இரு தரப்பையும் தன் நடத்தையில் காட்டிய ஒரு பெண், இந்தக் கொங்கு நாட்டுக்காரி.

குருபரம்பரை நூல்கள் அவளைக் கொங்குப் பிராட்டி என்கின்றன. கொங்கில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தபோது கணவனோடு ஸ்ரீரங்கத்துக்குப் பிழைக்கப் போனவள். அங்கே வீடு வீடாகப் பிச்சை எடுத்துப் போகும் ராமானுஜரின் காலில் பெரிய மனிதர்கள் விழுவதைப் பார்த்து, அவரையே நிறுத்திக் கேட்டாள்: நீரோ பிச்சை எடுக்கிறீர், இவர்கள் ஏன் உம் காலில் விழுகிறார்கள்? நான் இவர்களுக்கு ஒரு நல்வார்த்தை சொன்னேன் என்றார் அவர். அதை எனக்கும் சொல்லும் என்றாள். சரணாகதி மந்திரமான துவயத்தை அவளுக்குச் சொன்னார். பஞ்சம் தீர்ந்து ஊர் திரும்பும் நேரம் பார்த்தால், மந்திரம் மறந்துபோயிருந்தது. மறந்துவிட்டதே என்று அவள் தவித்து நிற்க, ராமானுஜர் மறுபடியும் வந்து சொல்லிக்கொடுத்தார். பிற்காலத்தில் சோழன் பகைக்குத் தப்பி, வெள்ளை உடுத்துக் காட்டு வழியாக மேற்கே போன ராமானுஜருக்கும் சீடர்களுக்கும் கொங்கில் சோறு போட்டவள் இவள்தான் என்கிறது மரபு. உடையால் அடையாளம் தெரியாதவரை அவள் பாதங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டாளாம்.

கதையின் வரலாற்று நிச்சயத்தை நான் வாதாடப்போவதில்லை. ஒரு சமூகம் எதைச் சரணாகதி என்று நினைவில் வைத்தது என்பதற்கு இது சாட்சி, அவ்வளவு போதும். பஞ்சம் துரத்திய பெண், மறந்துபோகிறவள், கூச்சமில்லாமல் கேட்கிறவள். அவள் தகுதி என்று எதையும் கொண்டுவரவில்லை. ஆனால் தெருவில் போனவரை நிறுத்திக் கேட்டது யார்? அவள்தான். அந்தக் கேட்டல் ஒரு முயற்சியா, இல்லையா? ராமானுஜருக்குப் பின் இரண்டு நூற்றாண்டுகளில் அவருடைய மரபு இரண்டாகப் பிரியத் தொடங்கியது ஏறக்குறைய இந்த இடத்தில்தான்.

ஒரு கிளையின் ஆசாரியர் வேதாந்த தேசிகர் சொல்வது இது. இறைவன் கருணையாளன், கூடவே நடுவுநிலையுள்ளவன். காரணமே இல்லாமல் ஒருவனைக் காத்து இன்னொருவனைக் கைவிட்டால் அவனுக்குப் பட்சபாதமும் கொடுமையும் வந்து சேரும். ஆகவே கருணை பாய்வதற்கு மனிதன் பக்கத்தில் ஒரு சிறு சாக்கு வேண்டும். வடமொழியில் வியாஜம் என்பார்கள். அந்தச் சாக்கு பெரிய தவமெல்லாம் இல்லை. தன்னால் ஆகாது என்று ஒப்புக்கொண்டு, காப்பாற்று என்று கேட்டு, தன் பாரத்தை அவன்மேல் வைத்துவிடுதல். தம்முடைய ‘ரஹஸ்யத்ரயஸார’த்தில் இதன் அங்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விளக்குகிறார். தாயின் வயிற்றைத் தானே பிடித்துக்கொள்ளும் குரங்குக் குட்டியை இந்தக் கட்சிக்கு உவமை சொல்வார்கள். பாதி உண்மைதான். தேசிகர் கேட்கும் பிடி குட்டியின் பிடியைவிட மிகவும் லேசானது, அதுவும் ஒரே முறை போதும்.

மறு கிளையின் ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் அந்த லேசான பிடியையும் விடச் சொல்கிறார். ‘ஸ்ரீவசன பூஷணம்’ என்ற அவருடைய நூல் சூத்திர நடையில், இடைவெளியில்லாமல் இறுக்கிக் கட்டிய நூல். உயிர் இறைவனின் உடைமை. உடைமை தன்னைத் தானே காத்துக்கொள்ளாது, உடையவன் காப்பான். நான் சரணடைந்தேன், அதனால் அவன் காத்தான் என்று நினைத்தால் ‘நான்’ இன்னும் சாகவில்லை. சரணாகதியையே ஒரு சம்பாத்தியமாக்கிவிட்டோம். மனிதன் செய்ய வேண்டியது ஒன்றுதான், தடுக்காமல் இருப்பது. தாய்ப்பூனை கவ்விப் போகும் குட்டியை இந்தக் கட்சிக்கு உவமை சொல்வார்கள். மனிதக் குறைகளைப் பற்றி அவர் சொல்வது இன்னும் துணிச்சலானது. இறைவன் குறைகளைக் காணாமல் இருக்கிறான் என்று தேசிகர் பக்கம் சொல்லும். லோகாசாரியர் பக்கமோ, ஈன்ற பசு கன்றின் மேலுள்ள அழுக்கை நக்குவதுபோல் அவன் குறைகளையே விரும்பி ஏற்கிறான் என்கிறது. குளித்து முழுகிச் சுத்தமாகி வருகிறேன் என்று கிளம்புவதே அவனுக்குப் பிடிக்காத காரியமாம்.

ஐரோப்பாவில் எராஸ்மஸ் 1524இலும் லூதர் 1525இலும் இதே கேள்விக்காக எதிரெதிர் நூல்கள் எழுதினார்கள். மனித விருப்பத்துக்குக் கொஞ்சமாவது இடம் வேண்டும் என்றவர் எராஸ்மஸ். கொஞ்சமும் இல்லை என்றவர் லூதர். தமிழ் மண்ணில் வழக்கு முந்தியே பதிவாகியிருந்தது. வள்ளுவர் மட்டும் 38ஆம் அதிகாரத்தில் ஊழையும் 62ஆம் அதிகாரத்தில் ஆள்வினையையும் வைத்துவிட்டு, இரண்டையும் ஒருங்கே படிக்கும் பொறுப்பை நம்மிடமே விட்டுவிட்டார்.

தர்க்கமாக மட்டும் பார்த்தால் தேசிகர் கை ஓங்கியிருக்கிறது. காரணமில்லாத கருணை என்றால் ஏன் எல்லோருக்கும் இல்லை என்ற கேள்விக்கு லோகாசாரியர் பக்கத்தில் நேரான விடை கிடையாது. தடுக்காமல் இருந்தால் போதும் என்கிறார்களே, தடுக்காமல் இருப்பதும் ஒரு செயல்தானே என்று மடக்கினால் பூனைக்கட்சி திணறத்தான் செய்யும். ஆபரேஷன் மேசையில் அசையாமல் படுத்திருப்பவனைச் சும்மா கிடக்கிறான் என்று சொல்ல முடியுமா? அப்படிப் பார்த்தால் இரண்டு கட்சிக்கும் இடையில் நூலிழை வித்தியாசம்தான் மிஞ்சுகிறது. கேட்டுப் பெற்றவன் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையைத் தேசிகர் மனிதனுக்கு விட்டுவைக்கிறார், லோகாசாரியர் அதையும் பிடுங்கிவிடுகிறார்.

அந்த நூலிழையில் என்ன தொங்குகிறது என்று பார்க்க மடத்தைவிட்டு வெளியே வர வேண்டும்.

கொங்கில் ஒரு காரியம் தொடங்கும் முன் ‘பூ கேட்பது’ வழக்கம். சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சாமி முன் வைத்து, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். சாமி தலையில் பூ வைத்து வலப்பக்கம் விழுகிறதா என்று காத்திருப்பதும் உண்டு. வண்டி வாங்குவதற்கு, பெண் எடுப்பதற்கு, போர் போடுவதற்கு எல்லாவற்றுக்கும் கேட்பார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இதைவிடப் பெரிய சரணாகதி இல்லை. முடிவை அப்படியே ஆண்டவன் கையில் கொடுத்துவிட்டார்களே. ஆனால் ‘சாமி உத்தரவு குடுக்கலீங்க’ என்று வந்துவிட்டால் என்ன நடக்கிறது? வளர்பிறையில் மறுபடி கேட்பார்கள். அங்கே இல்லையென்றால் குலதெய்வத்திடம் கேட்பார்கள். இடையில் ஒரு கவுளி சொன்னால் அதையும் கணக்கில் சேர்ப்பார்கள். நினைத்த பூ வரும்வரை கேட்கிறவரைக் கேட்கிறவர் என்று எப்படிச் சொல்வது? உத்தரவு போடுகிறவர் அவர்தான்.

காங்கேயம் பக்கத்துச் சிவன்மலை முருகன் கோயிலில் உத்தரவுப் பெட்டி என்று ஒன்று இருக்கிறது. பக்தர் ஒருவர் கனவில் ஆண்டவன் வந்து ஒரு பொருளைச் சொல்ல, அவர் கோயிலில் வந்து தெரிவிக்க, பூப்போட்டு உத்தரவு கேட்டு, கிடைத்தால் அந்தப் பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்தவர் கனவில் அடுத்த பொருள் வரும்வரை அது அங்கேயே இருக்கும். மண், தண்ணீர், துப்பாக்கி, சைக்கிள் என்று பலதும் இருந்திருக்கின்றன. தண்ணீர் வைத்த பிறகு சுனாமி வந்தது என்பதைக் கொங்கு நாட்டில் அநேகமாக எல்லோரும் சொல்வார்கள். எனக்கு இந்தப் பெட்டி பிடித்திருக்கிறது, அதை ஒளிக்கவில்லை. யாரோ ஒரு சாதாரண ஆள் கனவுக்குக் கோயிலில் மரியாதை கிடைக்கிறது. பெட்டியில் பொருள் மட்டும்தான் இருக்கிறது, விளக்கவுரை இல்லை. விளக்கவுரையை நாம்தான் நடந்து முடிந்த பிறகு எழுதுகிறோம். தண்ணீருக்குச் சுனாமியும் பொருந்தும், வறட்சியும் பொருந்தும், மேட்டூர் நிரம்புவதும் பொருந்தும். ஆண்டவன் பேசாமல் விட்ட இடத்தில் நாம் பேசிவிட்டு, முன்கூட்டியே தெரியும் என்ற நிம்மதியை வாங்கிக்கொள்கிறோம். எதிர்காலத்தைக் கைக்குள் வைத்துக்கொள்ளும் ஆசைக்கு இதுவும் ஒரு வாசல்.

தேசிகரின் சாக்கு இப்படி ஆகும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். அவர் அதை எவ்வளவு சிறிதாக்க முடியுமோ அவ்வளவு சிறிதாக்கினார். ஆனால் மனிதனுக்குப் பிடிமானம் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் போதும், அதைத் திருகிப் பார்ப்பான். கிடாய் வெட்டுகிறேன் லோன் சாங்ஷன் ஆகட்டும் என்ற நேர்த்திக்கடன் சாக்குத்தான். நான் இதைச் செய்தேன், நீ அதைச் செய் என்ற பேரமாக அது வளர்ந்து நிற்கிறது. பேரம் பேசுகிறவன் எதிராளியை ஆண்டவனாக நினைக்கவில்லை, பார்ட்டியாக நினைக்கிறான். இந்த நோய்க்கு மருந்து என்று பார்த்தால், கைப்பிடியே இல்லாத லோகாசாரியர் கொள்கைதான் வேலை செய்யும். தர்க்கத்தில் அவர் பக்கம் ஓட்டை இருக்கிறது. மனித இயல்பை அவர் கூர்ந்து பார்த்திருக்கிறார்.

அவர்மீது இரண்டு குற்றச்சாட்டுகள் வழக்கமாக வரும். ஒன்று, சோம்பேறித்தனம்: எல்லாம் அவன் என்றால் நான் எதற்கு வேலை செய்ய வேண்டும்? இதற்கு அவர் எழுத்தைவிட அவர் வாழ்க்கையே நல்ல பதில். 1323இல் டில்லிப் படை ஸ்ரீரங்கத்தைச் சூறையாடியபோது, கோயிலின் உற்சவ மூர்த்தியைப் பல்லக்கில் மறைத்துத் தெற்கே எடுத்துக்கொண்டு ஓடியவர் இந்தப் பிள்ளை லோகாசாரியர்தான் என்கிறது மரபு. தள்ளாத வயது. மதுரைப் பக்கம் ஜோதிஷ்குடி என்ற இடத்தில் வழியிலேயே உயிர் விட்டார். அதே சூறையாடலின்போது, பிணங்களுக்கு நடுவில் படுத்து உயிர் தப்பி, ‘ஸ்ருதப்ரகாசிகை’ என்ற உரைநூலின் சுவடியையும் அதன் ஆசிரியருடைய இரு பிள்ளைகளையும் காப்பாற்றி, கன்னட நாட்டுச் சத்தியகாலத்துக்குக் கொண்டுபோனவர் தேசிகர். இருவருமே கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. இதில் லோகாசாரியர் செய்ததை யோசித்தால் நெஞ்சு அடைக்கிறது. ஆண்டவனே உன்னைக் கவ்விக்கொண்டு போவான் என்று எழுதியவர், ஆண்டவனைத் தூக்கிக்கொண்டு காட்டில் நடந்திருக்கிறார்.

முரண்பாடா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்கான முயற்சியைத்தான் அவர் விடச் சொன்னார். அவனுக்குச் செய்யும் கைங்கரியத்தை விடச் சொல்லவில்லை. அந்த மூர்த்தி ஊர் ஊராக அலைந்து ஸ்ரீரங்கம் திரும்பியது 1371இல், 48 ஆண்டுகள் கழித்து. விளைவைப் பார்க்க அவர் இல்லை. பார்ப்போம் என்ற உறுதியும் அவருக்கு இருந்திருக்க வழியில்லை. பலன் தன் கையில் இல்லை என்று முழுசாகத் தெரிந்துகொண்டு, வேலையை முழுசாகச் செய்வதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. (இவர்களுடைய வழிவந்தோர் பின்னாளில் காஞ்சிபுரம் கோயிலில் யார் முதலில் எந்த வாழ்த்துப் பாசுரம் சொல்வது என்று நூற்றாண்டுக் கணக்கில் வழக்காடி, இன்றைக்கும் உயர் நீதிமன்றப் படி ஏறுகிறார்கள். பிடியை விடுவதைப் பற்றி வாதாடிய மரபில், கோயில் யார் பிடியில் என்பதற்கு வாய்தா.)

இரண்டாவது குற்றச்சாட்டு கனமானது. குறைகளை இறைவன் விரும்பி ஏற்கிறான் என்றால், தப்பு செய்ய லைசென்ஸ் கொடுத்த மாதிரி ஆகாதா? ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஓட்டச் சொல்லி, ஓட்டுநர் கண்ணயர்ந்து எதிரே வந்தவர் மேல் மோதினால், ‘விதிங்க’ என்று சொல்லிவிடலாமா? இங்கேதான் லோகாசாரியரைச் சரியாகப் படிக்காமல் பேசுகிறோம். அவருடைய நூலில் இறைவன் பொறுக்காத குற்றம் ஒன்று உண்டு. அடியாரிடம் படும் அபசாரம். தனக்குச் செய்ததை ஏற்றுக்கொள்கிறவன், தன்னைச் சேர்ந்தவருக்குச் செய்ததை ஏற்பதில்லை. ஓர் அடியாரின் பிறப்பை ஆராய்வதை அவர் எவ்வளவு கடுமையான சொல்லால் ஒதுக்குகிறார் என்று படித்தவர்களுக்குத் தெரியும். அதை இங்கே எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. அந்த நூலின் சாரத்தை ‘சப்தகாதை’யாகப் பாடிய அவருடைய சீடர் விளாஞ்சோலைப் பிள்ளை, கோயிலுக்குள் போக விடப்படாத சாதியில் பிறந்தவர்.

நூலில் அடியார் என்று இருப்பதை நான் பக்கத்து மனிதர் என்று விரித்துப் படிக்கிறேன். அந்த விரிவு என் பொறுப்பு. அப்படிப் படித்தால் ஓர் எல்லைக்கோடு கிடைக்கிறது. எனக்கு நேர்ந்ததை நான் அவன் செயல் என்று ஏற்கலாம். நான் பிறருக்குச் செய்ததை அவன் தலையில் கட்ட முடியாது. பிறருக்கு நேர்ந்ததைப் பார்த்து, அவன் செயல் என்று ஆறுதல் சொல்லும் உரிமையும் எனக்குக் கிடையாது. அதைச் சொல்ல வேண்டியவர் பட்டவர்.

இந்த எல்லைக்கோட்டைச் சங்ககிரியிலேயே சோதித்துப் பார்க்கலாம். சங்ககிரி மலைக்கோட்டையில் சென்னகேசவப் பெருமாள் இருக்கிறார். சித்திரைத் தேருக்கு ஊருக்குள் இறங்கி வருவார். அதே கோட்டையில்தான் தீரன் சின்னமலையை ஆங்கிலேயர் 31.7.1805 அன்று தம்பிகளோடு தூக்கிலிட்டார்கள். ஆண்டுதோறும் ஆடி 18 அன்று அங்கே மாலை போட்டு வணங்குகிறார்கள். இருநூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. சின்னமலை தூக்கில் தொங்கியது ஆண்டவன் செயல் என்று கொங்கில் ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. சமையல்காரன் காட்டிக்கொடுத்தான், வெள்ளைக்காரன் சூழ்ச்சி செய்தான் என்றுதான் சொல்வார்கள். பெருமாள் அதே கோட்டையில் இருந்தும், அவரை யாரும் இந்தக் கணக்கில் இழுப்பதில்லை. மக்கள் மனசுக்குக் கோடு எங்கே என்று தெரிந்திருக்கிறது. நேசித்தவனுக்கு அநியாயம் நடந்தால் மனிதர்கள் பேரைச் சொல்லிக் குற்றம் சாட்டுவார்கள். யாரென்றே தெரியாத கூலியாள் ஒருவர் ரிக் வண்டியில் கை நசுங்கிப் போனால்தான் விதி வந்து நிற்கிறது.

1876–78 பஞ்சத்தில் சேலம் மாவட்டம் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று. மழை பெய்யாதது மேலே இருப்பவன் கணக்கு என்றே வைத்துக்கொள்வோம். தானிய ஏற்றுமதி நிற்காமல் நடந்ததும், நிவாரண வேலையில் கல்லுடைத்தவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று ஆங்கில அரசின் பஞ்சப் பிரதிநிதி ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்ததும், சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் அது பட்டினிக் கூலி என்று சண்டை போட வேண்டியிருந்ததும் யார் கணக்கு? பஞ்சத்தை இயற்கையின் மேல் போட்டுவிட்டு ஃபைலை மூடியவர்களும் ஒருவகையில் ‘அவன் செயல்’ கட்சிதான். பஞ்சத்தில் ஊரை விட்டு ஓடிய கொங்குப் பிராட்டி அதைச் சொன்னால் அதற்குப் பொருள் வேறு. டெம்பிள் சொன்னால் அது மோசடி.

போர்வெல்லில் இதைவிடத் துல்லியமாகப் பிரித்துக் காட்டலாம். இந்தச் சமவெளி முழுக்கக் கடும்பாறை. பாறை வெடிப்பில் மட்டும்தான் தண்ணீர் ஓடும். வெடிப்பு எங்கே இருக்கிறது என்று மேலே நின்றுகொண்டு உறுதியாகச் சொல்லிவிட முடியாது. தேங்காயை உள்ளங்கையில் வைத்து நடக்கிறவரும் சொல்வார், கருவி வைத்திருப்பவரும் சொல்வார். பூசை போட்டு ரிக்கை இறக்கி, ஆயிரம் அடிக்குப் புழுதியாகவே வந்தால், ‘நம்ம நேரம்’ என்று சொல்லிவிட்டு எழுந்து போகிற விவசாயியை நான் மதிக்கிறேன். வெடிப்பைத் தவறவிட்டது அவர் குற்றமில்லை, புலம்பிப் பயனுமில்லை. ஆனால் முந்நூறு அடியில் இருந்த தண்ணீர் எப்படி ஆயிரத்துக்கும் கீழே போயிற்று? பக்கத்துத் தோட்டத்துக்காரர் நூறு அடி ஆழப்படுத்தினால் நாம் இருநூறு அடி ஆழப்படுத்தினோம். ஏரி வாய்க்காலை யாரோ அடைத்தார்கள், நாமும் கேட்கவில்லை. அந்தப் பாதியை ஆண்டவன் கணக்கில் எழுத முடியாது. ஒரே வறண்ட குழியில் இரண்டு கணக்கும் கலந்து கிடக்கின்றன. பிரித்துப் பார்க்கச் சோம்பல்படுகிற இடத்தில்தான் வாசகம் கெட்டுப்போகிறது.

இனி தீர்ப்பு. ‘எல்லாம் அவன் செயல்’ என்பதை, பிடியை விடும் ஒருவர் தன்னைப் பற்றித் தானே, நடந்து முடிந்த பிறகு, தன் பங்குப் பிழையைக் கழித்துவிட்டுச் சொல்லும்போது ஏற்கிறேன். ஏற்பதோடு நிற்கவில்லை, மற்ற நிலைகளைவிட அதை உயர்வாகவும் வைக்கிறேன். குறையைச் சரிசெய்துவிட்டுத்தான் ஆண்டவனிடம் போவேன் என்பவர் கடைசிவரை போகப்போவதில்லை. மறந்துபோன கொங்குப் பிராட்டிக்கு மறுபடி சொல்லப்பட்டது என்பதில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. காரியம் நடக்கும் முன்னால் சொன்னால் அது கவனக்குறைவு. பிறர் துன்பத்தைப் பார்த்துச் சொன்னால் கல்நெஞ்சு. தன் தப்பை மறைக்கச் சொன்னால் பொய். இந்த மூன்றையும் நம்பிக்கை என்ற பெயரால் யார் சொன்னாலும் தள்ளிவிடலாம். வைணவ வழக்கில் என் ஓட்டு லோகாசாரியருக்கு, அவரே வைத்த அபசார விலக்கையும் சேர்த்து. இன்சூரன்ஸ் கட்டுவதில் அவநம்பிக்கை எதுவும் இல்லை. அது எதிரே வருகிறவருக்கு நாம் செய்யும் கடமை. எலுமிச்சம்பழத்தைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை, எதிர்ப்பும் இல்லை.

தேசிகரின் கேள்வி மட்டும் விடையில்லாமல் நிற்கிறது. கருணைக்குக் காரணம் வேண்டாம் என்றால் ஏன் எல்லோருக்கும் கிடைக்கவில்லை? பிறந்த மூன்றாம் நாள் போய்விட்ட குழந்தை எதைத் தடுத்தது? தேசிகர் வழியில் போனால் வினை என்ற பதில் கிடைக்கும். அந்தப் பதிலோடு கணக்கு நேராகும். ஆனால் அதைப் பெற்றவளிடம் போய்ச் சொல்வதற்கு எனக்கு வாய் வராது, சொல்கிறவர்களையும் ஆசுபத்திரி வராந்தாக்களில் பார்த்திருக்கிறேன். விடை இல்லாத கட்சியின் பக்கம் ஓட்டுப் போடுகிறேன் என்பது தெரிந்தேதான் போடுகிறேன்.